ஒரே கப்பல், இரண்டு கூலி!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பஞ்சாலையில் நூல் நூற்கிறவர்களுக்கும், வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நீங்கள் நூற்ற நூலும் தைத்த துணியும் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறித்தான் வெளிநாடு போகின்றன. அந்தக் கப்பலில் கயிறு இழுப்பவன் யார்? இயந்திர அறையின் வெக்கையில் வேகிறவன் யார்? உங்களைப் போன்ற உழைப்பாளி வீட்டுப் பிள்ளைதான். இன்று நம் கிராமங்களிலும் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பையன்கள் கப்பல் வேலை என்று கனவு காண்கிறார்கள். அந்தக் கனவை நம்பித் தாலிக்கொடியை அடகு வைக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

வேலை தேடிப் போகும் பையன் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறான். ஓரிடத்தில், "இது வேறு நாட்டுக் கொடிக் கப்பல், அந்த நாட்டுக் குடிமகனுக்குத்தான் வேலை, இந்தியனுக்கு இடமில்லை" என்கிறார்கள். இன்னோரிடத்தில், "இந்தியன்தான் வேண்டும், உடனே வா" என்கிறார்கள். ஒரே கடல், ஒரே வேலை, அதே மனிதன். ஒரு கதவு அடைபடுவதும் இன்னொரு கதவு திறப்பதும் ஏன்? இதைப் புரிந்துகொண்டால் நம் ஆலை வாசலில் நடப்பதும் புரியும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கொடி எந்த நாட்டுக் கொடி?

நடுக்கடலில் எந்தச் சர்க்காரின் சட்டம் செல்லும்? கப்பல் எந்த நாட்டில் பதிவாகி, எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். யாரை வேலைக்கு வைக்கலாம், என்ன கூலி கொடுக்கலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கொடிக் கப்பலில் காப்டனும் மற்ற அதிகாரிகளும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. சாதாரண மாலுமிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிற நாட்டார் இருக்கக்கூடாது. அவர்களும் அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். 1920-ல் செய்த சட்டப்படி, ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் உரிமையும் அமெரிக்கக் கப்பல்களுக்கே. நம் நாட்டுக் கொடிக் கப்பல்களிலும் பொதுவாக இந்தியரையே அமர்த்துகிறார்கள்.

அடுத்த தடை சான்றிதழ். மாலுமிகளின் பயிற்சி பற்றி 1978-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி, ஒரு நாடு கொடுத்த அதிகாரிச் சான்றிதழ் வேறு நாட்டுக் கப்பலில் செல்ல வேண்டுமானால், கொடிக்குரிய நாடு அதை ஏற்று முத்திரையிட வேண்டும். ஏற்காவிட்டால், பத்து வருஷம் கடலில் உழைத்தவனுக்கும் அந்தக் கப்பலில் அதிகாரி வேலை இல்லை. மூன்றாவது தடை விசா. அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் வேலை செய்தாலும், விசா இல்லாத மாலுமி அங்கே கரையில் கால் வைக்க முடியாது.

தன் நாட்டுத் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் செய்தால், அதை மட்டும் வைத்து நாம் குறைசொல்லிவிட முடியாது. ஆனால் இந்தச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். கப்பல் முதலாளிகள் ஒரு கையால் கதவை அடைத்துக்கொண்டே மறு கையால் பின்வாசலைத் திறந்து வைத்த கதை அதில் இருக்கிறது.

பின்வாசலில் வந்த லாஸ்கர்

1660-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கு ஆங்கிலேயராக இருக்க வேண்டும் என்றது அது. ஆனால் இந்தியாவிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்ல ஆள் வேண்டுமே! ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே இந்திய மாலுமிகளை ஏற்றினார்கள். அவர்களுக்கு 'லாஸ்கர்' என்று பெயர். பிரிட்டிஷ் ராஜாவின் பிரஜைகள் என்று நம்மை ஆண்டவர்கள், 1823-ல் ஒரு சட்டம் செய்து, லாஸ்கர்கள் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். வரி கட்டும்போது பிரஜை. கூலி கேட்கும்போது அந்நியன்!

லாஸ்கருக்குத் தனி ஒப்பந்தம். அதே கப்பலில் அதே வேலை செய்த வெள்ளை மாலுமியின் கூலியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்குதான் அவனுக்கு. இங்கிலாந்துத் துறைமுகத்தில் இறங்கி வேறு கப்பலில் நல்ல கூலிக்குச் சேர உரிமை இல்லை. இந்தியாவுக்குத் திரும்பி வந்துதான் கணக்கு முடிக்க வேண்டும். 1906-ல் வந்த சட்டம், மாலுமி ஒருவனுக்குத் தங்குமிடம் 120 கன அடி வேண்டும் என்றது. லாஸ்கருக்கு அது கிடையாது. அவன் உடம்பு சிறியது என்றா? இல்லை, அவன் விலை மலிவு என்று!

அவனை வேலைக்குச் சேர்த்தது யார்? சாரங்கு என்ற மேஸ்திரி. சாரங்குக்கும் தரகனுக்கும் லஞ்சம், வட்டிக்காரனுக்குக் கடன். தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். கடலில் அதுவே சாரங்கு என்ற பெயரில் நடந்தது.

இதற்கு வெள்ளைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? தங்கள் கூலியை முதலாளி இறக்குகிறான் என்று அவர்கள் கண்டது சரி. ஆனால் பலர் முதலாளியை விட்டுவிட்டு லாஸ்கர் மீது பாய்ந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1901-ல் ஒரு சட்டம் வந்தது: வெள்ளைத் தொழிலாளரை மட்டும் வைத்து ஓட்டும் கப்பலுக்கே தபால் காண்ட்ராக்ட் என்றது அது. அமெரிக்காவில் 1915-ல் மாலுமிகள் சட்டம் வந்தது. மாலுமிகளுக்கு அது பல நல்ல உரிமைகளைக் கொடுத்தது. அத்துடன், ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு 75 பேர் அதிகாரிகளின் பாஷையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் விதித்தது. ஆசிய மாலுமியைத் தள்ளி வைக்க அது நல்ல கருவியாயிற்று.

பிரிட்டனில் 1925-ல் ஒரு உத்தரவு வந்தது. கறுப்பு மாலுமிகளில், தாம் பிரிட்டிஷ் பிரஜை என்பதற்குப் பத்திரம் காட்ட முடியாதவர்கள் போலீசில் 'அந்நியர்' என்று பதிய வேண்டும். கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் உண்மையான பிரிட்டிஷ் பிரஜைகளையே போலீசார் அந்நியராகப் பதிந்தார்கள். 1935-ல் கப்பல் முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுன் மானியம் கொடுக்கும் சட்டம் வந்தது; பிரிட்டிஷ் மாலுமிகளுக்கே முதலிடம் என்பது நிபந்தனை. 'அந்நியர்' என்று பதியப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்தார்கள். மானியம் முதலாளிக்கு, பட்டினி கறுப்புத் தொழிலாளிக்கு!

அதே சமயம் லாஸ்கர் ஒப்பந்தம் நிற்கவில்லை. 1938-ல் பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். தோழர்களே, இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கார்டிஃபில் வாழ்ந்து, பிரிட்டிஷ் கூலி கேட்ட கறுப்பு மாலுமிக்குக் கதவு அடைபட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஐந்தில் ஒரு பங்கு கூலிக்குச் சம்மதித்தவனுக்குக் கதவு திறந்தே இருந்தது. நாட்டுப்பற்று என்று எழுதிய பலகை வாசலில் தொங்கியது. உள்ளே தராசில் நிறுத்தது கூலியை!

அந்த மலிவான உயிர்களில் 6,000-க்கும் மேற்பட்டவை இரண்டாவது உலக யுத்தத்தில் கடலில் போயின.

கொடியை மாற்றும் வித்தை

சாம்ராஜ்யம் போயிற்று, முதலாளியின் தராசு போகவில்லை. அவன் புது வழி கண்டான். ஆளை மாற்றச் சட்டம் தடுக்கிறதா? கொடியை மாற்று!

1922-ல் இரண்டு அமெரிக்கப் பயணக் கப்பல்கள் பனாமாவில் பதிவு செய்துகொண்டன. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. கப்பலில் சாராயம் விற்க வேண்டும் என்பதே நோக்கம். பிறகு சாராயத்தைவிடப் பெரிய லாபம் அதில் இருப்பதை முதலாளிகள் கண்டார்கள். பனாமாக் கொடி ஏற்றினால் அமெரிக்கக் கூலி கொடுக்க வேண்டாம். அமெரிக்க யூனியனுடன் பேச வேண்டாம். இரண்டாவது யுத்தத்துக்குப் பின் லைபீரியாவும், பிறகு மார்ஷல் தீவுகளும் இப்படிக் கொடி வாடகைக்கு விட்டன. கப்பலின் சொந்தக்காரன் ஒரு நாட்டில். கொடி வேறு நாட்டில். ஆள் பிடிக்கும் ஏஜெண்டு இன்னொரு நாட்டில். வேலை செய்பவன் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று எங்கிருந்தோ. கூலி வராவிட்டால் யாரைப் பிடிப்பது?

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். 2024-ஆம் வருஷத்தில் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள், சம்பளமோ ஊர் திரும்ப வழியோ இல்லாமல் கைவிடப்பட்டார்கள். அவர்களில் எந்த நாட்டாரைவிடவும் அதிகம் இந்தியர்: 899 பேர். "இந்தியன்தான் வேண்டும், உடனே வா" என்ற பேச்சின் மறுபக்கம் இதுதான்.

இன்னொரு சம்பவம். 2022 மார்ச் 17-ஆம் தேதி பிரிட்டனில் பி அண்டு ஓ பெர்ரீஸ் கம்பெனி, முன்னறிவிப்பு ஏதுமின்றி 786 மாலுமிகளை ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் இடத்தில் ஏஜென்சி மூலம் இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து ஆட்களை இறக்கியது. புது ஆட்களுக்குச் சராசரிக் கூலி மணிக்கு ஐந்தரைப் பவுன் என்று கம்பெனித் தலைவரே பார்லிமெண்ட் கமிட்டியில் சொன்னார். அன்று பிரிட்டனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 பவுன் 91 பென்ஸ். ஆனால் கப்பல்களில் பறந்தது வேறு நாட்டுக் கொடி. சட்டம் கை கட்டி நின்றது. லாஸ்கர்களை வைத்துக் கப்பல் ஓட்டிய பழைய பி அண்டு ஓ கம்பெனியின் பெயர்தான் அது. நூறு வருஷத்துக்குப் பின்னும் அதே பெயர், அதே தராசு!

பிரிட்டனின் 1976-ஆம் வருஷத்து இன ஒதுக்கல் தடைச் சட்டமே, வெளிநாட்டில் ஆளெடுத்த மாலுமிக்குக் குறைத்துக் கொடுக்க விலக்கு அளித்திருந்தது. 2011-ல் அதைத் திருத்தி ஐரோப்பியருக்கும் வேறு சில நாட்டாருக்கும் சமகூலி என்றார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

ஆகவே நாட்டுத் தடை என்பது என்ன? இந்தியனைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது அதன் உண்மையான நோக்கமாக இருந்ததில்லை. உரிமையோடு ஏறக்கூடாது, உரிமையில்லாமல் ஏறலாம் என்பதே அதன் சாரம்.

நம் வாசலில் என்ன நடக்கிறது?

இதற்கு இரண்டு தப்பான பதில்கள் உண்டு. ஒன்று, "கூலி குறைந்தாலும் பரவாயில்லை, எனக்கு வேலை கொடு" என்பது. இந்தப் பதிலால் முதலில் வெள்ளைத் தொழிலாளி வேலையிழப்பான். நாளை நம்மைவிட மலிவாக ஒருவன் கிடைத்ததும் நாம் வேலையிழப்போம். மற்றொன்று, "அந்நியனை விரட்டு" என்பது. அதனால் அந்நியன் இன்னும் பலவீனமாவான். பலவீனமானவன் இன்னும் மலிவாகக் கிடைப்பான். இரண்டு பதிலாலும் லாபம் முதலாளிக்கே.

இப்போது கடலை விட்டுக் கரைக்கு வாருங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் வேலை செய்கிறார்கள். ஆலைக்குள்ளேயே ஒரு கொட்டகையில் படுக்கை. காண்ட்ராக்டர் கையில் சம்பளம். "இவன் வந்துதான் நம் கூலி கெட்டது" என்று நம்மவர் சிலர் முணுமுணுக்கிறார்கள். கார்டிஃபில் வெள்ளை மாலுமி முணுமுணுத்ததும் இதே வார்த்தைதானே! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்து பலர் ரயிலேறினார்கள். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் சந்தேகம் இருந்தால், ஒரு பொய்யே போதும் பிளவுபடுத்த.

காண்ட்ராக்டர் கொண்டுவரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979-லேயே மத்தியச் சட்டம் விதித்தது. எத்தனை ஆலையில் அது நடந்தது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயத் தொழிலாளி சகோதரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கீழத் தஞ்சையில் நெற்கூலி உயர்வு கேட்டபோது மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். வெளியூர் ஆளும் அரைவயிற்றுக்குக் கூலி தேடி வந்தவன்தான். அவனை வரப்பில் நிறுத்தி நம்மோடு மோதவிட்டவன் யார் என்பதே கேள்வி.

சேர்ந்து நின்றவர்கள்

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதைக் கடல் தொழிலாளிகளே எழுதியிருக்கிறார்கள்.

1922-ல் ஹாங்காங்கில் வெள்ளை மாலுமிகளுக்குக் கூலி உயர்த்தினார்கள். சீன மாலுமிகளுக்கு இல்லை. ஜனவரியில் சீன மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சர்க்கார் அவர்களது சங்கத்தைத் தடை செய்து, பெயர்ப்பலகையையும் எடுத்துச் சென்றது. மற்றத் தொழிலாளிகளும் சேர்ந்தார்கள். லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். மார்ச்சில் படை சுட்டுச் சிலர் உயிரிழந்தார்கள். ஆனாலும் அவர்கள் பணியவில்லை. 15 முதல் 30 சதம் வரை கூலி உயர்ந்தது. எடுத்த பெயர்ப்பலகையைச் சர்க்காரே திருப்பி மாட்ட நேர்ந்தது.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் பல நாட்டுத் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கப்பலேற மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் தள்ளினார்கள். ஆயினும் 25 சதக் கூலி உயர்வை அவர்கள் பெற்றார்கள்.

எல்லாவற்றையும்விட 1945-ஐ நினைவில் வையுங்கள். ஆகஸ்டில் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதை நசுக்க டச்சு ஏகாதிபத்தியம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல்களை அனுப்ப முயன்றது. இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளிகள் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். டச்சுக்காரர்கள் பழைய வித்தையைக் கையாண்டார்கள்: இந்திய மாலுமிகளை ஏற்றினார்கள். நடந்தது என்ன? சிட்னியில் இந்திய மாலுமிகளும் கப்பலை விட்டு இறங்கிவிட்டார்கள்! 1901-ல் லாஸ்கரைத் தள்ளி வைத்த அதே ஆஸ்திரேலியாவில், வெள்ளைத் தொழிலாளியும் இந்திய மாலுமியும் தோளோடு தோள் நின்றார்கள். மலிவான கூலிக்காரன் என்று கொண்டுவரப்பட்டவன், சங்கத்தின் கரம் கிடைத்ததும் போராளியானான். 44 வருஷம் சட்டமும் கதவும் செய்யாததை ஒரு கைகுலுக்கல் செய்தது.

செய்ய வேண்டியது

இதெல்லாம் சரி, நம் பையன் வேலைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று எவன் பணம் கேட்டாலும் அவன் சட்டத்தை மீறுகிறான். 2006-ல் ஏற்பட்ட கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றிருக்கிறது. அதன்படி மாலுமி தன் கைப்பணத்தில் கட்டக்கூடியது மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே. விசாச் செலவும் முதலாளியுடையது. பயிற்சிப் பள்ளிக் கட்டணம் வேறு. வேலைக்கு விலை என்பது வேறு. இரண்டையும் கலந்து பேசுபவனை நம்பாதீர்கள்.

ஆளெடுக்கும் கம்பெனிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு, இயக்குநரகத்தின் பட்டியலில் சரிபார்த்த பின்பே பேச வேண்டும். கப்பலேறுமுன் இருதரப்பும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் பையனின் கையில் இருக்க வேண்டும். கப்பலின் பெயர், கொடி, கூலி, எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் கைவிட்டால் ஊர் திருப்பியனுப்பும் செலவும், நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியும் கிடைக்கும்படி முதலாளி ஈடு வைத்திருக்க வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் உள்ள விதி. மாலுமிகள் சங்கத்தில் சேராமல் கப்பலேறுவது, துணையில்லாமல் காட்டில் நுழைவதற்குச் சமம்.

இது ஒரு வீட்டுக்கான யோசனை. வர்க்கத்துக்கான கோரிக்கை ஒன்று உண்டு. திறமையுள்ள மாலுமிக்கு மாத அடிப்படைக் கூலி இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் கமிட்டி ஒரு தொகை நிர்ணயிக்கிறது; 2025 ஜனவரியில் அது 673 டாலர். எந்த நாட்டு மாலுமிக்கும் அந்த ஒரே தொகைதான். ஆனால் அது சிபாரிசு, கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கு, அதற்கு மேலே கிடைப்பதையும் பாஸ்போர்ட் பார்த்துப் பிரிக்காதே, எந்தத் துறைமுகத்துக்கும் இடையில் தினம் ஓடுகிறதோ அந்த நாட்டுக் கூலியைக் கொடு என்பதே கோரிக்கை. நம் சர்க்காரும் மாலுமிகளை 'மலிவான திறமை' என்று உலகச் சந்தையில் விளம்பரம் செய்வதை விட்டு, சமகூலிக்காகப் பேச வேண்டும்.

இந்தக் கோரிக்கையைச் சிட்னியிலும் லண்டனிலும் எழுப்ப நமக்கு யோக்கியதை வேண்டாமா? அந்த யோக்கியதை நம் ஆலை வாசலில்தான் கிடைக்கும். ஒடிசாக்காரத் தோழனுக்கு நம் கூலி கிடைக்கச் செய்யாமல், நம் பிள்ளைக்கு ஆங்கிலேயன் கூலி கேட்பது எப்படி? அவன் பாஷை தெரியவில்லையா? கூலிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். எண் எல்லாப் பாஷைக்கும் பொது. அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவன் மொழியில் நோட்டீஸ் அச்சிடுங்கள்.

தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908 பிப்ரவரியில் அதே ஊரில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். தொழிலாளிகள் கூலி உயர்வு பெற்றார்கள். கப்பலையும் ஆலையையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.

அடுத்த வாரம் சங்கத்துக்கு வரும்போது, இதுவரை சங்கப் படி ஏறாத வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரையாவது ஒவ்வொருவரும் அழைத்து வாருங்கள். கடலிலும் கரையிலும் நம் முழக்கம் ஒன்றே:

ஒரே வேலைக்கு ஒரே கூலி!